எதையாவது தொட்டியா?

செருப்பைக் கழற்றும் முன்பே அந்த அக்கா கேட்கிற முதல் கேள்வி அது. நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, ஒன்றும் கிடையாது. தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றபடி, "எதையாவது தொட்டியா?" என்பார். லேப்டாப் ஓடவில்லை என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "இல்லக்கா, தானா நின்னுபோச்சு." அக்கா தலையை ஆட்டுவார். நம்பிவிட்டார் என்று அர்த்தமில்லை. பையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்து, தேதியும் நேரமும் போட்டு, சொன்ன பதிலை அப்படியே எழுதிக்கொள்வார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்குவது போலவே இருக்கும்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏற்கெனவே ஒரு தடவை அந்தப் பெயரை என் வாயால் கெடுத்திருக்கிறேன். கரோல் பாக்கில் எங்கள் சந்துப் பக்கம் இருந்த தமிழ் ஆட்களுக்கு அவர் லேப்டாப் அக்கா. அது போதும். நாகர்கோவில் பக்கத்துக்காரர். நர்ஸாக டெல்லிக்கு வந்தார். பிறகு அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பிரிவுக்கு மாறினார். பிறகு அதையும் விட்டுவிட்டு, எங்களுக்கு நாலு வீடு தள்ளி மூன்றாம் மாடியில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு, லேப்டாப்பும் பிரிண்டரும் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியை ஏன் விட்டார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத காரணத்தால் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஒன்பதாவது பாதியில் நின்றவள். ஊர் கள்ளக்குறிச்சி பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து, தட்டச்சு பழகி, வீட்டின் முன்னறையில் ஒரு மேஜை போட்டு ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். ரேஷன், பென்ஷன், பள்ளிக்கூடச் சேர்க்கை, ரயில் டிக்கெட் எல்லாம் பார்ப்பேன். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று, பிரிண்டர் ஒன்று, விரல் வைக்கிற மெஷின் ஒன்று. இந்த மூன்றையும் நம்பித்தான் வீடு. எனக்குப் படிப்பு குறைவு, பயம் அதிகம். கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான். போனில் தெரியாத நம்பர் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது அடித்து ஓயும்வரை தள்ளி நிற்பேன். அந்த லேப்டாப்புக்குள் எத்தனை வீட்டு ஆதார், எத்தனை பேர் பாங்க் புத்தகம்! யாராவது திருடிவிட்டால் என் தலைதானே உருளும்?

அக்காவும் சந்தேகப்படுகிறவர்தான். ஆனால் அது வேறு மாதிரி.

லேப்டாப்பைத் திறந்ததும் காமிராக் கண்ணின் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுவார். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் தேதி பார்த்த பிறகுதான் கடைக்காரரை விடுவார். ஆட்டோவில் ஏறுவதற்கு முன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். மாவுக்கடையில்தான் ரொம்ப மோசம். எங்கள் சந்து முனையில் ஒரு அண்ணி இட்லி மாவு அரைத்து விற்றார். காலை ஏழு மணிக்குத் தமிழ்ப் பொம்பளைகள் எல்லாரும் அங்கேதான் பாத்திரத்தோடு நிற்போம். அக்கா வரிசையில் தன் முறை வந்ததும், டிரம்மின் மூடியைத் தானே தூக்கி, குனிந்து மோந்து பார்த்து, "இன்னைக்கு அரைச்சதா?" என்று கேட்பார். தினமும்.

"என் மாவுல என்னத்தக்கா கண்டுபிடிக்கப் போறீங்க?" என்று அண்ணி ஒரு நாள் எரிந்து விழுந்தார். "எட்டு வருஷமா அரைக்கிறேன். ஒருத்தர் மூடியத் தொட்டதில்ல."

"உன்ன நம்பாமலா வாறேன்? பாத்துட்டு நம்புகேன், அவ்வளவுதான்" என்றார் அக்கா. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"இவங்க புருஷன் இருந்திருந்தா அவரையும் மோந்து பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள விட்டிருப்பாங்க" என்று அவர் போன பிறகு அண்ணி சொன்னார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் லேப்டாப் முதல் தடவை படுத்தது செப்டம்பரில். காலையில் ஆன் செய்தால் வை-ஃபை அடையாளத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. பிரிண்டர் இல்லவே இல்லை என்கிறது. விரல் மெஷினில் விளக்கு எரியவில்லை. ஏதோ ஒரு சர்வீஸ் தொடங்க முடியவில்லை என்று இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்து வந்து போகிறது. பத்து தடவை அணைத்துப் போட்டேன். பதினொன்றாவது தடவை அழுதேன். மாவுக்கடை அண்ணிதான் அக்கா நம்பரைக் கொடுத்தார்.

அக்கா வந்தார், கேட்டார்.

"எதையாவது தொட்டியா?"

"இல்லக்கா" என்றேன்.

பொய். அதற்கு முந்தின நாள் மத்தியானம் நடந்தது இது. யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து கம்ப்யூட்டர் வழியாகப் பணத்தை உருவிவிட்டார்கள் என்று போனில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தியில் ஒருவர் வீடியோ போட்டிருந்தார். இந்தப் பச்சைக் கேடயத்தை இறக்கிப் போடுங்கள், தேவையில்லாத சர்வீஸை எல்லாம் அதுவே அணைத்துவிடும், எந்தத் திருடனும் நுழைய முடியாது என்றார். இறக்கினேன். அது கேட்டதற்கெல்லாம் ஹாங் ஹாங், ஆமாம் ஆமாம் என்று அழுத்தினேன். மறுநாள் இப்படி. என் கையால் என் பிழைப்பையே நிறுத்திக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? ஃபாரம் நிரப்புகிறவளுக்கே கம்ப்யூட்டர் தெரியவில்லை என்று மாவுக்கடையில் பேசுவார்களே. அந்தப் பயத்தில் சொன்ன "இல்லக்கா" அது.

அக்கா எழுதிக்கொண்டு உட்கார்ந்தார். நான் செய்த மாதிரி எதையும் அணைத்துப் போடவில்லை. ஒரு நீளப் பட்டியலைத் திறந்தார். நூறு இருநூறு பெயர்கள். இத்தனை பேர் என் லேப்டாப்புக்குள் இருக்கிறார்களா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இவனுவதான் சர்வீஸ். நீ பட்டன அமுக்கினதும் பின்னால நின்னு வேல பாக்கவனுவ. ஒருத்தன் வை-ஃபைக்கு, ஒருத்தன் பிரிண்டருக்கு" என்றார். "வை-ஃபைக்காரன் எழும்பல. சரி. அவன அடிச்சு எழுப்பப் பாக்காத. அவன் யாருக்காவக் காத்து நிக்கான்னு பாரு."

எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்கும்.

"வார்டுல டாக்டர் ரவுண்ட்ஸ் வரலன்னு வச்சுக்க. சிஸ்டர் ஃபைல் எடுத்து வைக்காம அவரு வர மாட்டாரு. அலமாரி சாவி வராம சிஸ்டர் ஃபைல் எடுக்க முடியாது. சாவி வச்சிருக்கவன் வீட்டுல படுத்துக் கிடக்கான். நீ டாக்டரப் போய் ஏசினா என்ன பிரயோஜனம், கேட்டியா?"

வை-ஃபைக்காரன் பெயரின் மேல் அழுத்தி, அவன் யார் யாரை நம்பி இருக்கிறான் என்று காட்டுகிற பக்கத்துக்குப் போனார். அங்கே நாலு பெயர். ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று ஓடிக்கொண்டிருந்தது. நாலாவதை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். நின்று போனதல்ல, எழும்பக் கூடாது என்று கட்டிப் போட்டது. முதலில் எப்படி இருந்தது என்பதை நோட்டில் எழுதினார். பிறகுதான் மாற்றினார். அதை எழுப்பிவிட்டு, அதன் பிறகு வை-ஃபைக்காரனை எழுப்பினார். சிவப்புப் பெருக்கல் போனது. பிரிண்டருக்கும் விரல் மெஷினுக்கும் இதே மாதிரி. ஒரு நேரத்தில் ஒன்றுதான் தொடுவார். ஒன்றைத் தொட்டால் உடனே எழுதுவார். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று எப்படித் தெரியும் என்பார். தோள் வலி என்று வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். தோளில் தைலம் தேய்த்துத் தேய்த்து அனுப்பினார்களாம். கடைசியில் பார்த்தால் பித்தப்பையில் கல்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் அவர் விரலை விட்டு நகரவில்லை. ஃபாரம் வைத்திருக்கிற ஃபோல்டர் பக்கம் அம்புக்குறி போகும்போதெல்லாம் நானும் திரைப் பக்கம் குனிந்தேன்.

ஒரு இடத்தில் நின்றார். "இந்தப் பச்சைக் கேடயம் யாரு போட்டது?"

"வாங்கும்போதே இருந்துச்சுக்கா."

"எடுத்துடட்டா?"

"ஐயோ வேணாம்க்கா. பாதுகாப்புக்குத்தானே, இருக்கட்டும்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "லேப்டாப் உன்னுது. நீ சொல்லாம நான் எடுக்க மாட்டேன்" என்று நோட்டில் ஒரு வரி எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'இருக்கட்டும் என்றாள்.' இதை எதற்கு எழுத வேண்டும்? யாரிடம் காட்ட? அவர் போன பிறகு கதவைச் சாத்தி, ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து எல்லார் ஆதாரும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. திருடினால் எடுத்துக்கொண்டா போவார்கள்? நகல் எடுத்துக்கொண்டு போவார்கள்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. அக்டோபர் ஒன்றாம் தேதி காலை ஆன் செய்தால் அதே சிவப்புப் பெருக்கல். அதே பெட்டி.

இந்தத் தடவை நான் எதையும் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. அப்படியென்றால் யார்? என் வீட்டுக்காரருக்கு அதை ஆன் செய்யக்கூடத் தெரியாது. கடைசியாகக் கை வைத்தது அந்த அக்கா. இங்கே ஃபிரிட்ஜ் பார்க்க வருகிறவன் ஒன்றைச் சரி செய்துவிட்டு, மறுபடியும் கூப்பிட வேண்டும் என்று இன்னொன்றைத் தளர்த்திவிட்டுப் போவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. ஓட ஆரம்பித்தால் எனக்கு அது நிற்காது. காமிராவை எதற்கு மூடுகிறார்? தன் முகம் பதிவாகக் கூடாது என்றா? போன் வந்தால் எதற்கு எழுந்து படிக்கட்டுக்குப் போகிறார்? ஆஸ்பத்திரி வேலையை எதற்கு விட்டார்?

ஆனாலும் அவரைத்தான் கூப்பிட்டேன். வேறு யார் இருக்கிறார்கள்?

"எதையாவது தொட்டியா?"

"இல்லவே இல்லக்கா!" இந்தத் தடவை என் குரல் உயர்ந்தது. அவர் அதையும் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

மறுபடியும் ஒவ்வொன்றாக எழுப்பினார். மறுபடியும் கேடயத்தின் மேல் வந்து நின்று, "இத எடுத்துடட்டா?" என்றார். ஓகோ என்று நினைத்தேன். காவலை எடுத்துவிட்டால் வழி சுலபம்தானே. "அது மட்டும் வேணாம்க்கா" என்று கறாராகச் சொன்னேன்.

அப்போதுதான் அவர் பையிலிருந்து பென் டிரைவ் ஒன்றை எடுத்துச் செருகினார். என்னமோ ஏற்றினார். சின்னப் பட்டை ஒன்று பச்சையாக ஓடி நிறைந்தது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்னக்கா அது?"

"வீட்டுல வச்சுப் பாக்கணும். திரும்பத் திரும்ப நிக்குதே" என்றார்.

மறுநாள் காலை மாவுக்கடையில் அண்ணியிடம் சொன்னேன். வரிசையில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். "அண்ணி, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்தக்கா என் லேப்டாப்புலேர்ந்து பென் டிரைவ்ல எதையோ ஏத்திக்கிட்டுப் போனாங்க. எனக்கென்னமோ சரியாப் படல."

அண்ணி கரண்டியை மாவிலேயே விட்டுவிட்டார். "நெனச்சேன். ஊரையே சந்தேகப்படுறாங்கன்னா அவங்ககிட்ட ஏதோ இருக்குன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியிலயும் என்னமோ நடந்துதான் வெளிய வந்தாங்களாம்."

நான் சொன்னது ஒரு வாக்கியம். அது சந்து முழுக்கச் சுற்றி வருவதற்குள் என்னென்னமோ சேர்ந்துவிட்டது. அக்கா ஆதார் விற்கிறார். அக்கா போட்டோ எடுக்கிறார். அக்கா வந்துபோன வீட்டில் பணம் போயிருக்கிறது. யார் வீட்டில் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் அக்காவைக் கூப்பிட ஆள் இல்லை. கொடுத்த லேப்டாப்பைப் பாதி வேலையில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒரு நாள் அவர் மாவுக்கு வந்து நின்றபோது அண்ணி மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "நான் அள்ளித் தரேன், நீங்க தொடாதீங்க" என்றார். அக்கா பாத்திரத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் அங்கே வரவில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பயமாக இருந்தது. கூடவே, நான் மட்டும் அப்படி நினைக்கவில்லை என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது. இதை மறைத்து என்ன செய்ய?

நவம்பர் ஒன்றாம் தேதி.

டெல்லியில் பென்ஷன் வாங்குகிற தமிழ்ப் பெரியவர்களுக்கு நவம்பர் ஒரு தேர்வு மாதம். உயிரோடு இருக்கிறேன் என்று விரல் வைத்து நிரூபிக்க வேண்டும். முதல் நாளே ஆறு பேர் வந்து என் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். லேப்டாப்பை ஆன் செய்தேன். சிவப்புப் பெருக்கல். விரல் மெஷின் செத்துக் கிடந்தது.

முன்னால் இருந்தவர் கும்பகோணத்துக்காரர், மத்திய அரசில் செக்ஷன் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். விரலை மூன்று தடவை வைத்து எடுத்தார். "ஏம்மா, நான் இருக்கேனா போயிட்டேனா? உன் மெஷின் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறதே."

பெரிய ரோட்டுக் கடைக்கு ஓடினேன். கடைக்காரன் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஃபார்மட் கர்னா படேகா" என்றான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமாம். எத்தனை வீட்டுக் காகிதம்! லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே அந்த மூன்றாம் மாடிக்கு ஏறினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. வர மாட்டார். வந்தாலும் எதையாவது செய்துவிடுவார். அப்போதும் அப்படித்தான் யோசித்தேன்.

கதவைத் திறந்தார். அறை பாதி காலியாக இருந்தது. இரண்டு அட்டைப்பெட்டி கட்டி வைத்திருந்தார். என்னையும் லேப்டாப்பையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு என்னோடு இறங்கி வந்தார். என் வாசலில் நின்று செருப்பைக் கழற்றும் முன் கேட்டார்.

"எதையாவது தொட்டியா?"

உள்ளே ஆறு பேர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். அவர்களும் சந்தில் சுற்றிய கதையைக் கேட்டவர்கள்தானே. "இல்லக்கா" என்றேன்.

எழுதிக்கொண்டார். உட்கார்ந்து, லேப்டாப்பைப் பெரியவர்களுக்குத் தெரியாதபடி என் பக்கம் மட்டும் திருப்பினார். வேறொரு பட்டியலைத் திறந்தார். எந்த சர்வீஸை எப்போது யார் அணைத்தார்கள் என்று லேப்டாப் தானே எழுதி வைத்துக்கொள்கிற பட்டியல். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. விரலால் ஒரு வரியைக் காட்டினார். செப்டம்பர் தேதி, மத்தியானம் இரண்டு நாற்பது. கேடயம் ஏறிய நேரம். பக்கத்தில் என் பெயர். அதன் கீழே மூன்று சர்வீஸும் வரிசையாக அணைந்திருந்தன. பிறகு அக்டோபர் ஒன்று. பிறகு இன்று காலை.

"மாசா மாசம் ஒண்ணாந் தேதி உன் கேடயம் எழும்பி மூணு பேரையும் கட்டிப் போடுது" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"எப்பக்கா கண்டுபிடிச்சீங்க?"

"போட்டது நீன்னு மொத நாளே பாத்தேன். ஒண்ணாந் தேதி விஷயம் வீட்டுல கொண்டு போய் வச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது."

"ஏன் சொல்லலக்கா?"

"மூணு தடவ கேட்டேனே."

பென் டிரைவை எடுத்துச் செருகினார். உள்ளே ஒரே ஒரு ஃபைல். இதே பட்டியல்தான். வேறு ஒன்றும் இல்லை. "பாத்துக்க" என்றார்.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் சொன்னார். திரையைப் பார்த்தபடிதான் சொன்னார். "ஆஸ்பத்திரில ஒரு நாள் மருந்து அலமாரில ஒரு பெட்டி குறைஞ்சுபோச்சு. எதையாவது தொட்டியான்னு என்னக் கேட்டாவ. இல்லன்னேன். ரிஜிஸ்டர்ல பாருங்க, யாரு எடுத்தான்னு கையெழுத்து இருக்கும்னேன். ஒருத்தரும் பாக்கல பிள்ளே. கேட்டாவ, அவ்வளவுதான். பொறவு யாரும் என்னோட உக்காந்து சோறு திங்கல."

பின்னாலிருந்து கும்பகோணத்துப் பெரியவர் இருமினார். அக்கா நிமிர்ந்து, எப்போதும் போன்ற குரலில், "எடுத்துடட்டா?" என்றார்.

"எடுங்கக்கா."

கேடயம் போனது. ஒவ்வொருவரையாக எழுப்பினார். விரல் மெஷினில் விளக்கு எரிந்தது. பெரியவர் விரலை வைத்தார், பச்சை வந்தது. "இருக்கேனாம்!" என்று நாற்காலியில் இருந்தவர்களிடம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தரும் அக்காவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மேஜையில் வைத்தார்.

"உன் மெஷினோட கேஸ் ஷீட். இனி உன்கிட்ட இருக்கட்டும். ஃபரிதாபாத்துல ஒரு ஆஸ்பத்திரில ரெக்கார்டு செக்ஷனுக்கு ஆள் கேக்காவ. மாசக் கடைசில ரூமக் காலி பண்ணிருவேன்."

அந்தத் தாளில் மூன்று தேதி இருந்தது. மூன்றிலும் எது எப்படி இருந்தது, எது மாறியது என்று சின்ன எழுத்தில் வரிசையாக. ஒவ்வொரு தேதிக்கும் முதல் வரி மட்டும் ஒன்றுதான். 'தொட்டியா? இல்லை என்றாள்.'

அன்று முழுக்க அந்த 'என்றாள்' என்னைக் குடைந்தது. அவர் நினைத்திருந்தால் 'பொய் சொன்னாள்' என்று எழுதியிருக்கலாம். தெரிந்ததை மட்டும் எழுதியிருந்தார். நான் தெரியாததை எல்லாம் சந்து முழுக்கச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தாளை எடுத்துக்கொண்டு மாவுக்கடைக்குப் போனேன். போகிற வழியிலேயே மனசு பேரம் பேசியது. ஏதோ ஒரு சாஃப்ட்வேர் செய்த கோளாறு, அக்கா மேல் தப்பில்லை என்று சொன்னால் போதாதா? என் பெயர் எதற்கு? நாளைக்கு யார் என்னிடம் ஃபாரம் நிரப்ப வருவார்கள்? வரிசையில் பத்துப் பேர் இருந்தார்கள். முதலில் அப்படித்தான் ஆரம்பித்தேன். "அண்ணி, அந்த லேப்டாப் விஷயம், அது ஒரு சாஃப்ட்வேர் பண்ணினதாம்..."

"யாரு போட்ட சாஃப்ட்வேர்?" என்றார் அண்ணி. அவர் எதையும் நினைத்துக் கேட்கவில்லை. மாவை அள்ளிக்கொண்டே கேட்டார்.

சாவி வைத்திருக்கிறவன் வீட்டில் படுத்துக் கிடக்கிறான் என்று அக்கா சொன்னது ஞாபகம் வந்தது.

"நான்" என்றேன். "நான்தான் போட்டேன். போட்டுட்டு இல்லன்னு சொன்னேன். மூணு தடவ. பென் டிரைவ்ல அவங்க எடுத்துக்கிட்டுப் போனது எம் பொய்யத்தான். வேற ஒண்ணும் இல்ல." தாளை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. அதனால் நானே படித்தேன். மூன்று தேதியும் படித்தேன்.

அண்ணி கிரைண்டரை அணைத்தார்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு என்னடி?" என்றார் அண்ணி.

பின்னால் நின்ற ஒரு பெண், "எங்க வீட்டு ஆதாரு இன்னும் உன் லேப்டாப்புலதானே இருக்கு?" என்று கேட்டாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். ஒரு மாதமாக நான் அக்காவைப் பார்த்த பார்வை. "வந்து பாத்துக்க. வேணாம்னா உன் கண் முன்னாலயே அழிச்சிடறேன்" என்றேன். அவள் வந்தாள், பார்த்தாள், அழிக்கச் சொன்னாள். இன்னும் மூன்று வீடுகள் அப்படி வந்தன. பிறகு அவர்கள் என்னிடம் வரவே இல்லை. அது நியாயம்தான்.

யாரோ அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் போய்ச் சொல்லவில்லை, தைரியமில்லை. அடுத்த வாரம் ஒரு காலையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது பேச்சு சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். அக்கா பாத்திரத்தோடு வந்து கடைசியில் நின்றார். ஒருத்தி நகர்ந்து வழிவிட்டாள். அக்கா நகரவில்லை. தன் முறைக்காக நின்றார்.

முறை வந்தது. டிரம்முக்கு முன்னால் வந்து அண்ணியைப் பார்த்தார். அண்ணி மூடியிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்களே பாத்துக்குங்கக்கா" என்றார்.

அக்கா மூடியைத் தூக்கினார். குனிந்து மோந்து பார்த்தார். "இன்னைக்கு அரைச்சதா?"

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு அரைச்சதுக்கா."

"ரெண்டு கிலோ."

மாவை வாங்கிக்கொண்டு திரும்பும்போது என் முன்னால் நின்றார். என்ன சொல்வார் என்று தெரியாமல் பாத்திரத்தின் காதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"மெஷின் எழும்புதா?"

"எழும்புதுக்கா."

"எதையாவது தொட்டியா?"

"இல்லக்கா" என்றேன். முதல் தடவையாக அது முழு உண்மை. உடனே, கேட்காமலே, வாயில் வந்துவிட்டது. "நீங்க வந்து பாத்துக்குங்கக்கா."

மாசக் கடைசியில் அவர் ஃபரிதாபாத் போய்விட்டார். அதை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஆனால் அன்று காலை மாவுக்கடையிலிருந்து என்னோடு வந்து, மாவுப் பாத்திரத்தை என் மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்து, அந்த நீளப் பட்டியலைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். வெகு நேரம் ஆனது. கடைசி வரி வந்ததும் மூடினார்.

"ஆமா, தொடல" என்றார்.